பிஸ்கட்டின் மஞ்சள் கை

செயின்ட் ஹெலினா தீவில் ஒருவனைக் கெட்டவன் என்று முடிவு கட்ட நீதிமன்றம் தேவையில்லை. எதிரே வருகிற வண்டிக்குக் கை காட்டாமல் போனால் போதும். திருடியவனுக்குக்கூட அவன் கஷ்டம் அவனுக்கு என்று யாராவது பரிந்து பேசுவார்கள். கை காட்டாதவனுக்காக அவனைப் பெற்றவளே வாய் திறக்கமாட்டாள். அந்தக் காலத்தில் லாங்வுட்டில் அடைத்து வைத்திருந்த பிரெஞ்சுப் பேரரசரும் வண்டியில் போகும்போது யாருக்கும் கை காட்டமாட்டாராம். காட்டியிருந்தால் நம் ஆட்கள் இரண்டாம் வருஷமே படகில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள் என்று மீன்பிடித் துறையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காட்டுவதிலும் ஆளுக்கொரு ரகம். ப்ளூ ஹில் விவசாயிகள் ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். போதகர் உள்ளங்கையைக் காட்டி இரண்டு விநாடி அப்படியே நிறுத்தி வைப்பார். ஆசீர்வாதமும் அதிலேயே அடக்கம். சூரைமீன் பிடிக்கிற டெல்பர்ட் காட்டுவது நாலு விரல். மோதிர விரலை ஒரு மீன் தூண்டில் கயிற்றோடு சேர்த்துக் கொண்டுபோய் இருபது வருஷம் ஆகிறது. "அதுக்கும் வீட்ல கல்யாணம் போல" என்பான். மூடுபனிக்குள் அந்த நாலு விரல் தெரிந்தால் போதும், வருவது டெல்பர்ட் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அந்த நாலு விரல் பதினோரு வருஷமாக ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எழுந்ததில்லை. அந்த ஆள் அவனுடைய சொந்தத் தங்கை ஒலிவின் புருஷன் கிளாட்வின்.

கிளாட்வின் என்ற பெயரைப் போதகர் மட்டும்தான் சொல்வார். ஊருக்கு அவன் பிஸ்கட். பள்ளிக்கூடத்தில் ஒரு பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு மீதிப் பாதியை முழு விலைக்கு விற்றவன். வளர்ந்தபின் ஜேம்ஸ்டவுன் கடைத்தெருவில் ஆணி முதல் அண்டா வரை விற்கிற கடை வைத்தான். குணம் மட்டும் பிஸ்கட் நாளில் இருந்த இடத்திலேயே இருந்தது.

சண்டை வந்தது ஒரு வளைவால். இந்தத் தீவு முழுக்க மலை. ரோடெல்லாம் ஒரு வண்டி போகிற அகலம். அதனால் இறங்குகிறவன் பின்னால் போய் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். எல்லா இடத்திலும் சரிப்பட்டு வந்த சட்டம் லாங்வுட் போகிற வழியில் ஒரே ஒரு வளைவில் மட்டும் மாட்டிக்கொண்டது. அங்கே ரோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ரோட்டுக்கே தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மச்சானும் மச்சானும் அங்கே எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"நான் ஏறுறேன்" என்றான் பிஸ்கட்.

"ஏறுறது நான். நீ இறங்குற" என்றான் டெல்பர்ட்.

பிஸ்கட் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து ரோட்டில் வைத்தான். அது வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டெல்பர்ட் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான். அது டெல்பர்ட் பக்கம் அரை அடி உருண்டது, யோசித்தது, திரும்பி வந்தது. காற்று என்று இவனும், பழம் கோணல் என்று அவனும் வாதாடி இரண்டே முக்கால் மணி நேரம் நின்றார்கள். இரண்டு பக்கமும் ஏழேழு வண்டி சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் இருவருமே பின்னால் போனார்கள். அன்றோடு கை காட்டுவது நின்றது. கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, மிளகாய்த் துவையலை நடுவில் இருக்கிற ஒலிவ் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பிஸ்கட் சட்டசபைத் தேர்தலில் நின்றதே அந்த வளைவுக்காகத்தான். வெளியே தண்ணீர், சம்பளம், கப்பல் என்றெல்லாம் பேசினான். உள்ளே இருந்த ஆசை ஒன்றே ஒன்று: சபை தீர்மானம் போட்டு அந்த வளைவில் ஒரு பலகை நட வேண்டும், அதில் 'ஏறுபவர் இந்தப் பக்கம்' என்று அவன் பக்கம் அம்பு காட்ட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு இடம், ஒவ்வொருவரும் பன்னிரண்டு பேருக்கு வரை ஓட்டுப் போடலாம். போன தடவை ஒரே ஒரு ஓட்டில் பதின்மூன்றாவதாக வந்தான். அந்த ஒரு ஓட்டு எந்த வீட்டில் தங்கிவிட்டது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தடவை தோற்கக் கூடாது என்று பிரச்சாரத்துக்காகவே கேப் டவுனிலிருந்து ஒரு கார் இறக்கினான். யாரோ ஓட்டிவிட்டு விற்றது, ஆனாலும் கப்பலிலிருந்து இறங்கியபோது துறைமுகமே வாயைப் பிளந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணாடிகள் அதைவிடக் கறுப்பு. முகம் காட்ட விரும்பாத எவனோ ஆசையாக வைத்திருந்த வண்டி. பிஸ்கட் உள்ளே ஏறி ஜன்னலை இறக்கும் பொத்தானை அழுத்தினான். அது அசையவில்லை. எழுதிப்போட்டால் அடுத்த கப்பலில் வேறு பொத்தான் வரும், ஆறு வாரம். தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. போகட்டும், காற்று வராவிட்டால் என்ன, ஓட்டு வந்தால் போதும் என்று கிளம்பிவிட்டான்.

முதல் வாரம் தீவையே சுற்றினான். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு கழுதைக்காரனுக்கும், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒவ்வொரு பாட்டிக்கும் தோள்பட்டை வலிக்க வலிக்கக் கை காட்டினான். தேர்தல் சமயம் என்பதால் இரண்டாவது கையையும் சேர்த்துக் காட்டினான். அதில் ஒரு தடவை வண்டி பள்ளத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. ஆனால் ஊர் ஒரு மாதிரியாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஆணியை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். பேரம்கூடப் பேசவில்லை. பேரம் பேசாமல் வாடிக்கையாளர் பணத்தை நீட்டினால் ஏதோ கோளாறு என்று வியாபாரிக்குத் தெரியும். பிஸ்கட் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"டெல்பர்ட் ஏதோ கிளப்பி விட்டுட்டான்" என்று வீட்டில் வந்து சொன்னான்.

ஒலிவ் ப்ளோ என்கிற கறிச்சோற்றுச் சட்டியிலிருந்து தனக்கு மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இறைச்சி, கறிப்பொடி வாசனை எல்லாம் அவள் தட்டிலிருந்து மட்டும் வந்தது.

"எனக்கு?"

"நீ யாரு?"

"என்ன பேச்சு இது?"

"செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்துல நின்னேன். என்னக் கடந்து போன. நான் கை காட்டினேன். இருபத்தாறு வருஷம் உன்னோட குடும்பம் நடத்தினவ, பதிலுக்கு ஒரு விரலாவது தூக்கினியா?"

"ரெண்டு கையையும் தூக்கினேன். முத்தம்கூட குடுத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

பிஸ்கட் அவளை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் நிறுத்தினான். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கை காட்டினான். பிறகு நாக்கை நீட்டினான். பிறகு கல்யாணத்தன்று ஆடிய ஆட்டத்தை இடுப்புக்கு மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆடினான். மூச்சு வாங்கக் கதவைத் திறந்து, "இப்போ?" என்றான்.

"என் தலை வாராம இருக்கு, அது தெரியுது" என்றாள் ஒலிவ். "உன்னத் தெரியல."

அங்கேயே, ரோட்டோரத்தில், பிஸ்கட் உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரத்தில் எழுநூறு பேருக்காவது கை காட்டியிருப்பான். எழுநூறும் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

மறுநாளிலிருந்து பரிகாரம் தேட ஆரம்பித்தான். கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தான். கறுப்பு மேலே ஒட்டியதில்லை, கண்ணாடியோடு பிறந்தது. ஓட்டிக்கொண்டே கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தான். ரோட்டோரக் கருங்கல் சுவர் கதவோடு கைகுலுக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு வண்டிக்கும் இறங்கி நின்று கை காட்டிப் பார்த்தான். லேடர் ஹில்லில் பதினெட்டு வண்டி அவன் பின்னால் தேங்கிவிட்டது. போலீஸ்காரர் வந்தார்.

"கறுப்புக் கண்ணாடிக்கு இங்க சட்டம் இல்ல பிஸ்கட்" என்றார். "கை காட்டாததுக்கும் சட்டம் இல்ல. இருந்திருந்தா உன்னப் போன வாரமே உள்ள வெச்சிருப்பேன்."

"நான் உள்ளதான் சார் இருந்தேன். உள்ள இருந்துதான் காட்டினேன்."

"அத ஓட்டுப் போடறவங்ககிட்ட சொல்லு."

வேறு யாருடைய வண்டியையாவது இரவல் வாங்கலாமே என்றாள் ஒலிவ். இப்படி ஒரு கார் வரப்போகிறது என்று ஒரு வருஷமாகத் தீவு முழுக்கச் சொல்லிவிட்டு, இன்னொருத்தன் ஓட்டை வண்டியில் போய் ஓட்டுக் கேட்டால் போட்டவனும் பிடுங்கிக்கொள்வான் என்றான் பிஸ்கட். வியாபாரி வாங்கிய சரக்கை மட்டம் என்று தானே ஒத்துக்கொள்வதில்லை.

வழி கடையிலேயே கிடைத்தது. பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு பெட்டி விற்காமல் கிடந்தது. அத்தனையும் வலது கை, அதனால்தான் விற்கவில்லை. ஒன்றை எடுத்துப் பஞ்சு அடைத்து, விரல்கள் விறைப்பாக நிற்க உள்ளே கம்பி செருகி, முன்கண்ணாடி வைப்பரின் நுனியில் கட்டினான். வைப்பர் ஆடினால் கை ஆடும். இடமும் வலமுமாக, கண்ணாடி அகலத்துக்கு, தீவில் இதுவரை யாரும் காட்டாத அளவுக்குப் பெரிய கையசைப்பு.

ஒரே ஒரு குறை. அந்த வைப்பர் புத்திசாலி வைப்பர். கண்ணாடியில் மழை விழுந்தால் தானாக ஆடும். நாம் ஆட்ட வேண்டுமென்றால் அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அது ஜன்னல் பொத்தானுக்குத் தம்பி.

இந்தத் தீவில் மழை எல்லோருக்கும் பொது இல்லை. மேலே லெவல்வுட், ப்ளூ ஹில், லாங்வுட் பக்கமெல்லாம் பனியும் தூறலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே ஜேம்ஸ்டவுனும் ஹாஃப் ட்ரீ ஹாலோவும் கள்ளிச்செடி முளைக்கிற வறண்ட இடம். ஆகவே ஒரே வாரத்தில் தீவு இரண்டாகப் பிரிந்தது. மேட்டு ஜனங்களுக்கு பிஸ்கட் தங்கமான மனுஷன். அரை மைல் தூரத்திலிருந்தே கை காட்டிக்கொண்டு வருகிறான், கடந்து போனபின்னும் காட்டிக்கொண்டே போகிறான். கீழே இருந்தவர்களுக்கோ ஆத்திரம் இரண்டு மடங்கு. முன்பாவது கை இல்லை. இப்போது கையைக் கட்டி வைத்துக்கொண்டே காட்டாமல் போகிறான்.

"மேல இருக்கறவங்கதான் அவனுக்கு மனுஷங்க. நாமெல்லாம் கல்லு" என்றாள் மீன் கட்லெட் விற்கிற ஐவி ஆன்ட்டி.

கடை வாசலில் நின்ற காரின் கண்ணாடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அவளுக்குக் கை காட்ட வைத்தான் பிஸ்கட். அது வாரத்துக்கு இரண்டு நாள் குழாய் மூடுகிற சமயம். "குடிக்கத் தண்ணி இல்ல, கார் மூஞ்சி கழுவுறான்" என்று அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விட்டது.

மஞ்சள் கைக்கு ஆள் தரம் பார்க்கத் தெரியாது. லெவல்வுட்டில் ஒரு சவ ஊர்வலத்துக்குக் கை காட்டியது. பிஸ்கட் உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொண்டான். வெளியே அதுவும் தெரியவில்லை. இறந்துபோன மூதாட்டியின் மகள், "அம்மாவுக்கு இவ்வளவு பெரிய கையசைப்பு உசுரோட இருந்தப்போ கெடச்சதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டுத்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

அதற்கு மறுநாள் லாங்வுட் வழியில், அந்த வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு மீன் வண்டி வந்து நின்றது. எதிரே பிஸ்கட். நடுவே பதினோரு வருஷம்.

மஞ்சள் கை ஆடியது. இடம், வலம், இடம், வலம்.

டெல்பர்ட் முறைத்தான். பல்லைக் கடித்தான். ஆனால் இந்தத் தீவில் பிறந்தவனின் கை அவன் சொன்னபடி கேட்காது. ஒரு கையசைப்பைக் கண்டால் அதுவே எழுந்துவிடும். இடது கையால் பிடித்துப் பார்த்தான். நாலு விரலும் மெல்ல எழுந்தன.

டெல்பர்ட் வண்டியை விட்டு இறங்கி வந்து கறுப்புக் கண்ணாடியைத் தட்டினான். பிஸ்கட் கதவைக் கொஞ்சம் திறந்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றான் டெல்பர்ட். "நான் கை காட்டினது அதுக்கு. உனக்கில்ல."

"சரி மச்சான்."

"மச்சான்னு சொல்லாத. அது காட்டுச்சு, நான் பதில் காட்டினேன். எனக்கும் அதுக்கும் கணக்குத் தீர்ந்துச்சு."

"அது இன்னும் காட்டிட்டே இருக்கே."

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தான். கை ஆடிக்கொண்டிருந்தது. அவன் கை மறுபடியும் எழுந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறி, யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்ற பேச்சையே எடுக்காமல் பின்னால் போனான். அது தோல்வியா கோபமா என்று பிஸ்கட்டுக்குப் புரியவில்லை.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. கடை விலாசத்தில் பதிந்திருந்ததால் பிஸ்கட்டின் ஓட்டு ஜேம்ஸ்டவுனில். நாளெல்லாம் கடையைத் திறந்து வைத்திருந்துவிட்டு, நல்ல சட்டை போட்டு வருகிறேன் என்று ஜேம்ஸ்டவுனுக்குச் சற்று மேலே ஹாஃப் ட்ரீ ஹாலோவில் இருந்த வீட்டுக்குப் போனான். வாக்குச்சாவடி மூட அரைமணி இருக்கும்போது லேடர் ஹில் ரோட்டில் இறங்க ஆரம்பித்தான். அப்போதுதான், வருஷத்தில் நாலு நாள் பெய்தால் அதிசயம் என்கிற அந்தச் சரிவில் தூறல் போட்டது.

எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது. ஜேம்ஸ்டவுனில் வேலை முடித்து மேலே தங்கள் சாவடியில் ஓட்டுப் போடப் போகிறவர்கள். பிஸ்கட் சட்டப்படி பின்னால் போய் ஒதுங்கினான். மஞ்சள் கை ஆடியது. வண்டிக்குள் இருந்த நாலு பேரும் ஒரு கணம் திகைத்து, பதிலுக்குக் காட்டினார்கள். பின்னாலேயே இன்னொரு வண்டி. அதற்கும் பின்னால் ஐவி ஆன்ட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு வேன். பிஸ்கட் வண்டியை எடுப்பான், எதிரே இன்னொன்று ஏறும், பின்னால் போவான். கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு தடவை ஒதுங்காமல் நெருக்கிப் போய்விட்டால் தன் ஓட்டைப் போட்டுவிடலாம். ஆனால் ஏறுகிறவனுக்கு வழிவிடாதவன் எந்த முகத்தோடு பலகை நடுவது? நாற்பத்தொரு வண்டிக்கு வழிவிட்டான். கீழே போய்ச் சேர்ந்தபோது சாவடிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஓட்ட நீயே போடலியா?" என்றாள் ஒலிவ்.

"இல்ல."

"போன தடவை ஒரு ஓட்டுலதானே போச்சு?"

"தெரியும் ஒலிவ். சோறு போடு."

மறுநாள் காலை எண்ணி முடித்தார்கள். பதினோரு பேர் பெயர் வரிசையாக வந்தது. பன்னிரண்டாவது இடத்துக்கு பிஸ்கட்டும் தேனீ வளர்க்கிற ஐவனும் சரிசமம். ஒரே ஒரு சீட்டு மட்டும் தனியாகக் கிடந்தது. தேர்தல் அதிகாரி யூனிஸ் அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். பதினோரு பெயருக்கு எதிரே ஒழுங்காகப் பெருக்கல் குறி. கிளாட்வின் என்ற பெயருக்கு எதிரே மட்டும் குறி இல்லை. ஒரு கை வரைந்திருந்தது. விரித்த கை. விரல் நாலு.

மண்டபத்தில் யாரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. இரகசிய ஓட்டு என்றால் இரகசியம்தான். கதவுப் பக்கம் நின்ற டெல்பர்ட் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"செல்லாது" என்றான் ஐவன். "பெருக்கல் குறி போடணும்னு சொல்லியிருக்கு."

"போடறவர் மனசுல என்னன்னு தெளிவாத் தெரிஞ்சா செல்லும்னும் சொல்லியிருக்கு" என்றார் யூனிஸ் அம்மா.

"என்ன தெளிவு? கையத் தூக்கினா நில்லுன்னும் அர்த்தம் இருக்கே. இவன் வேண்டாம், நிறுத்துன்னு சொல்றதா இருந்தா?"

மண்டபம் யோசித்தது. பிஸ்கட்டுக்கே ஐவன் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிகூட இருந்தது. யூனிஸ் அம்மா சீட்டை இரண்டு விரலில் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே உயர்த்தி, மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார்.

மண்டபத்தில் இருந்த அறுபது பேரின் கையும் எழுந்தது. போதகரின் உள்ளங்கை எழுந்தது. ப்ளூ ஹில் ஆட்களின் ஒற்றை விரல் எழுந்தது. ஐவி ஆன்ட்டி கட்லெட் வைத்திருந்த கையைத் தூக்கினாள். ஐவன் கையும் எழுந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே இறக்கினான், நேரம் கடந்துவிட்டது.

"இந்தக் கை என்ன சொல்லுதுன்னு இனி யாருக்காவது சந்தேகமா?" என்றார் யூனிஸ் அம்மா. "ஐவன்?"

"இல்லீங்க" என்றான் ஐவன்.

வெளியே படிக்கட்டில் டெல்பர்ட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிஸ்கட் பக்கத்தில் போய் நின்றான்.

"யாரு யாருக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றான் டெல்பர்ட்.

"தெரியாது."

"அப்படியே யாராவது போட்டிருந்தாலும், அந்த மஞ்சக் கைக்குத்தான் போட்டிருப்பாங்க. பதினோரு வருஷத்துல மொதல்ல காட்டினது அதுதான்."

"அதுகிட்டச் சொல்லிடறேன் மச்சான்."

டெல்பர்ட் இந்தத் தடவை மச்சான் என்றதை ஆட்சேபிக்கவில்லை. "பலகை நடப்போறியாமே" என்றான்.

"நடணும்."

"அந்த வளைவுல ஏறினது நான்."

பிஸ்கட் வாழ்க்கையில் முதல் தடவையாக, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் தானே இறங்கி வந்தான். "பாதிப் பாதி வெச்சுக்கலாம். வாரத்துல மூணு நாள் நீ ஏறு."

"நாலு."

"மீன் விக்கிறவன் புத்தி. மூணு நாள் நீ, மூணு நாள் நான்."

"ஞாயித்துக்கிழமை?"

பிஸ்கட் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை ரோடு மட்டம்" என்றான்.